நள்ளிரவில் கதவைத் தட்டும் லாட்ஜ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்கன விடுதிகளில் ராத்திரித் தூக்கத்தை ஊழியர்களே கெடுக்கிறார்கள் என்று வாசகர்கள் புகார் எழுதும்போதெல்லாம், 'ரூம் பாய்களுக்கு மரியாதை தெரியவில்லை' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. லாட்ஜ் கவுண்டர் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மரியாதைக் குறைவு சில இடங்களில் உண்டுதான். ஆனால் பாதி ராத்திரியில் கதவு தட்டப்படுவதற்குப் பெரும்பாலான நாள்களில் காரணம், கவுண்டரில் விரித்து வைத்திருக்கும் பதிவேடும் அது எழுதப்படும் விதமும்.

எழும்பூர் கென்னட் லேன், பெரியமேடு, மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி என்று ரயிலடியை நம்பிப் பிழைக்கும் தெருக்களில் பல சிறு விடுதிகளுக்கு இன்னமும் 24 மணி நேரக் கணக்குதான். பெரிய ஹோட்டல்களில் எல்லா அறைக்கும் காலி செய்யும் நேரம் பகல் 12 மணி, அல்லது 11 மணி. இங்கே ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. விடியற்காலை 3.40-க்கு ரயிலை விட்டிறங்கி வந்து அறை எடுத்தவருக்கு மறுநாள் 3.40-க்கு நேரம் முடிகிறது. அரை மணி முன்னதாக ஞாபகப்படுத்து என்பது பையனுக்கு இடப்பட்ட உத்தரவு. ஆக, 3.10-க்குக் கதவில் 'டொக் டொக்'. "சார், டைம் ஆகப்போகுது. எக்ஸ்டெண்ட் பண்றீங்களா, வெக்கேட் பண்றீங்களா?"

முதலாளி இதை வேண்டுமென்று செய்யச் சொல்வதில்லை. நேரம் தாண்டிவிட்டால் அரை நாள் வாடகையோ முழு நாள் வாடகையோ சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும். அப்போது வாடிக்கையாளர் சொல்லும் முதல் வாக்கியம், "என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!" அந்தச் சண்டைக்கு முன்கூட்டியே சாட்சி வைத்துக்கொள்வதற்குத்தான் கதவைத் தட்டுகிறார்கள். தூங்குகிறவரை எழுப்பிச் சொல்லிவிட்டால் கவுண்டருக்குப் பொறுப்பு முடிந்தது.

அப்படியானால் எல்லா லாட்ஜும் பகல் 12 மணிக்கு மாறிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் விடியற்காலை ரயிலில் வந்து இறங்கிப் பார்க்க வேண்டும். 12 மணிக் கணக்கில், காலை 5 மணிக்கு அறை எடுத்தவர் ஏழு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும், அல்லது பகல் வரை வரவேற்பறையில் பையோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற எளிய மக்களுக்கு 24 மணிக் கணக்கே லாபம். அதை எடுத்துவிடக் கூடாது.

கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, கேட்கும் நேரத்தை மாற்றினால் போதும். இரவு 10-லிருந்து காலை 6-க்குள் நேரம் முடிகிற அறைகள் எவை என்று மாலை 7 மணிக்கே பதிவேட்டில் பென்சிலால் வட்டம் போட்டுவிடலாம். முப்பது அறை விடுதியில் சாதாரண நாளில் அது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். எட்டரை, ஒன்பது மணிக்குள், ஆள் சாப்பிட வெளியே போகும்போதோ திரும்பும்போதோ கவுண்டரிலேயே கேட்டு, பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். காலி செய்பவராக இருந்தால், "ஆறு மணி வரைக்கும் இருங்க, கூடுதல் கிடையாது" என்று சொல்லிவிடலாம். அந்தச் சில மணி நேரச் சலுகையில் விடுதிக்கு உண்மையிலேயே நஷ்டம் வருவது, எல்லா அறையும் நிரம்பி வாசலில் ஆள் நிற்கிற முகூர்த்த நாள்களிலும் திருவிழா நாள்களிலும் மட்டும்தான். அந்த நாள்களில் சலுகை இல்லை என்று அறை கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். அச்சடித்து விற்கும் லாட்ஜ் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். வரிசை எண், அறை எண், பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறார், என்ன வேலையாக வருகிறார், அடையாள அட்டை எண், வந்த நேரம், முன்பணம், கையெழுத்து, போன நேரம் என்று கட்டங்கள் இருக்கும். 'நீட்டிப்பு' என்று ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்காது. வாடிக்கையாளர் மாலையில் பகல் ஷிப்ட் மேனேஜரிடம் போய், "இன்னொரு நாள் இருக்கேன்" என்று சொல்லிப் பணத்தையும் கட்டியிருப்பார். மேனேஜர் ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்திருப்பார். பதிவேட்டில் எழுத இடமில்லாததால் எழுதியிருக்க மாட்டார், அல்லது ஓரத்தில் யாருக்கும் புரியாத ஒரு கிறுக்கல் போட்டிருப்பார். இரவு ஷிப்ட் மாறும்போது சாவி, சில்லறை, பதிவேடு மூன்றும் கைமாறும். வாய்மொழியாகச் சொன்ன நீட்டிப்பு மட்டும் கைமாறாது. இரவு மேனேஜர் பதிவேட்டைப் பார்ப்பார், நேரம் முடிந்திருக்கும், பையனை அனுப்புவார். பணம் கட்டிவிட்டுத் தூங்குகிற மனிதரைப் பணம் கட்டாதவர் போல எழுப்பிக் கேட்கிற அந்தக் கொடுமைக்கு மூலம் இந்த ஒரு கட்டம்தான்.

இதைவிட மோசமானது, பூட்டிய கதவை வெளியிலிருந்து மாற்றுச் சாவி போட்டுத் திறப்பது. ஆள் இருக்கும் அறையைக் காலி அறை என்று நினைத்துப் புதிய ஆளைக் கூட்டிக்கொண்டு பையன் வந்து நிற்பான். உள்ளே குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். இது நடப்பது இப்படி: கவுண்டருக்குப் பின்னால் சாவி மாட்டும் பலகை இருக்கிறது. ஆணியில் சாவி தொங்கினால் அறை காலி என்பது பழைய வழக்கம். வெளியே போகிறவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்ததும் வேறு ஒரு பையன் மாற்றுச் சாவியால் திறந்துவிடுகிறான், அசல் சாவி ஆணியிலேயே தொங்குகிறது. இதோடு இணையவழி முன்பதிவும் சேர்ந்துகொள்கிறது. கவுண்டரில் நேரடியாக வந்தவருக்குக் கொடுத்த அறையைக் கைப்பேசிச் செயலியில் உடனே அடைக்காவிட்டால், அங்கே அது காலி என்றே காட்டும். ராத்திரி 1 மணிக்குப் பதிவு செய்தவர் 2 மணிக்கு வந்து நிற்பார். மாற்றுச் சாவிகளை ஒரு பெட்டியில் பூட்டி, எடுத்தால் அறை எண்ணும் நேரமும் எழுத வேண்டும் என்று வைத்தால் பாதி தவறு நிற்கும். காலி அறை என்று பதிவேடு சொன்னாலும் மூன்று முறை தட்டி, குரல் கொடுத்து, அரை நிமிடம் காத்திருந்த பிறகே சாவி போட வேண்டும் என்பது மீதிப் பாதிக்கு.

சத்தத்தைப் பற்றி. சிறு விடுதியின் நடைவழி ஒரு புல்லாங்குழல் மாதிரி. இரண்டு பக்கமும் சுவர், தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட். துணியோ கம்பளமோ எதுவுமில்லை. கதவுக்கு அடியில் ஒரு விரல் உயரத்துக்கு இடைவெளி. மூன்றாம் மாடியில் பையன் சாதாரணமாகப் பேசினால் நடைவழியின் மறு கோடியில் கேட்கும். அவனோ சாதாரணமாகப் பேச மாட்டான். மாடிப்படித் திருப்பத்தில் நின்று, "முன்னூத்தி ரெண்டு வெக்கேட்டு!" என்று கீழே கவுண்டருக்குக் கூவுவான். கவுண்டரில் கைப்பேசி இருக்கிறது, பையனிடமும் இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தி போதும். கூவுவது பழக்கதோஷம்.

ஆனால் கூவலைவிட ஆளைத் தூக்கிவாரிப் போடுவது ஆல்ட்ராப் சத்தம். அறைக்கு வெளியே பூட்டு மாட்டுவதற்காக இருக்கும் கனத்த இரும்புத் தாழ்ப்பாளைச் சொல்கிறேன். ஆள் போனதும் பையன் அதை இழுத்து அடிக்கும்போது இரும்பும் இரும்பும் மோதும் ஓசை, கதவுச் சட்டம் வழியாகச் சுவரில் இறங்கி, பக்கத்து அறையில் தலையணைக்குப் பின்னாலேயே கேட்கும். பழைய சைக்கிள் டியூபில் ஓர் அங்குலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, தாழ்ப்பாள் கம்பி போய் முட்டுகிற முனையில் மாட்டிவிட்டால் அந்தச் சத்தம் மட்டுப்பட்டுவிடும். முப்பது கதவுக்கு ஒரு டியூப் போதும். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

அடுத்தது வாளி. ராத்திரி 2 மணிக்குக் காலியான அறையை 4 மணிக்கு வரும் ஆளுக்காகக் கழுவுகிறார்கள். குளியலறையில் வாளியும் குவளையும் உருளும், ஃபினாயில் நெடி அடிக்கும், கட்டில் இழுபடும். ராத்திரியில் முழுச் சுத்தம் தேவையே இல்லை. பெட்ஷீட், தலையணை உறை, துண்டு மாற்றி, குளியலறையில் ஒரு கை தண்ணீர் விட்டு, குப்பையை எடுத்தால் பத்து நிமிட வேலை. மெத்தை தட்டுவதும் கட்டிலை நகர்த்திக் கூட்டுவதும் பகலுக்கு. ராத்திரி ரயிலுக்கு வருகிறவர்களுக்கென்று நடைவழியின் ஒரு கோடியில் நான்கு அறைகளை மாலையிலேயே தயார் செய்து தனியாக வைக்கும் விடுதிகளில் இந்தத் தொல்லையே கிடையாது. வந்தவர்களையும் போகிறவர்களையும் ஒரே பக்கத்தில் போட்டால் மற்றப் பக்கம் நிம்மதியாகத் தூங்கும்.

தண்ணீர் மோட்டாரை ஊழியர் தொல்லை என்று யாரும் சொல்வதில்லை. சுவிட்சைப் போடுவது ஊழியர்தானே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி தங்கும் விடுதியில் கட்டில் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் வேண்டும். முப்பது இரட்டைக் கட்டில் அறைகளுக்கு 10,800 லிட்டர். மொட்டை மாடியில் இருப்பது 5,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் நிரப்பியாக வேண்டும். ராமேஸ்வரத்தில் காலை 5 மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள் 4 மணிக்கே குளிக்கிறார்கள். தொட்டி அரைகுறையாக இருந்தால் ஒரே அரை மணியில் குழாய் வறண்டுவிடும். "தண்ணி வரலை" என்று கீழிருந்து ஒருவர் கத்த, மோட்டார் போடப்படும். தரையில் நேரடியாக போல்ட் அடித்த மோட்டாரின் அதிர்வு குழாய் வழியாக எல்லா மாடிக்கும் ஏறும். நிறுத்தும்போது, மேலே ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கி வால்வை அறையும் 'டம்' சத்தம் வேறு. இரவு 9 மணிக்கு மோட்டாரைப் போட்டுப் பத்து மணிக்குள் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டால் விடியும்வரை அதைத் தொட வேண்டாம். மோட்டாருக்கு அடியில் ரப்பர் மெத்தை, குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு முழம் நெளியும் ஹோஸ், அடித்து மூடாத ஸ்பிரிங் வால்வு ஆகிய மூன்றையும் பிளம்பர் ஒரே நாளில் மாட்டிவிடுவார். திருவண்ணாமலையில் பௌர்ணமி ராத்திரிக்கு மட்டும் இது எதுவும் உதவாது. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து விடிய விடிய ஆள்கள் வந்து கால் கழுவிக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு அங்கே தூங்க அறை எடுப்பதே தவறு.

காலை 5.30-க்கு "காபி சார்?" என்று வரும் தட்டலுக்கு வேறு பொருளாதாரம். ரூம் பாய்க்குச் சம்பளம் குறைவு. டிப்ஸும், வெளிக்கடையிலிருந்து பிளாஸ்கில் வாங்கி வரும் காபியில் நிற்கிற சில்லறையும்தான் அவன் கைக்காசு. ஆறு மணிக்கு அவனுக்கு ஷிப்ட் முடிந்துவிடும். அதற்குள் தட்டாத கதவு அவன் கணக்கில் போன காசு. சுடு தண்ணீரும் அப்படித்தான். பாய்லர் 5 மணிக்குப் போட்டு 8 மணிக்கு அணைப்பார்கள் என்றால், அதைச் சொல்லும் சாக்கில் எல்லாக் கதவும் தட்டப்படும். இதற்குப் பையனைத் திட்டிப் பயனில்லை. சுடு தண்ணீர் நேரத்தைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிட்டு, காபி வேண்டுமா, எத்தனை மணிக்கு என்பதை இரவே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ராத்திரி டூட்டிக்கென்று தனியாக ஒரு படியும் கொடுத்தால் அவனுக்கும் தட்ட வேண்டிய அவசியம் இராது. ஒரே பையன் பகலும் ராத்திரியும் சேர்த்துப் பார்த்து, மாடிப்படிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் விடுதிகளும் இருக்கின்றன. தூங்காத ஆள் அறை எண்ணைத் தப்பாகக் கேட்பதில் ஆச்சரியமில்லை. 'இருநூத்தி மூணை நாலு மணிக்கு எழுப்பு' என்று சொன்னது முன்னூத்தி ரெண்டுக்குப் போய்விடும். எழுப்பச் சொல்லும் நேரங்களைக் கவுண்டரில் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பது பழைய விடுதிகளில் இருந்த நல்ல வழக்கம்.

அடையாள அட்டைக்காக எழுப்புவது அறவே தேவையற்றது. அறை கொடுக்கும்போது நகல் எடுக்க மறந்துவிட்டு, போலீஸ் சோதனை வரும் என்று பயந்து 11 மணிக்கு மேல் கதவைத் தட்டுவார்கள். குடியரசு தினம், சுதந்திர தினம், தேர்தல் சமயங்களில் விடுதிச் சோதனை நடப்பது உண்மை. பதிவேடும் நகல்களும் கவுண்டரில் சரியாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கோயில்களுக்கு வரும் நம்மவர்கள் இதில் அதிகம் சிரமப்படுகிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரத்தைப் பதிய வேண்டும் என்பது விதி. கவுண்டரில் 'சி ஃபார்ம்' என்பார்கள். 24 மணி நேரம் இருக்கும்போது நடுராத்திரியில் கடவுச்சீட்டைக் கேட்டு எழுப்ப என்ன அவசரம்? தங்கியிருப்பது கணவன் மனைவியா என்று விசாரிக்கத் தட்டுகிறவர்களும் உண்டு. திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே சொல்லியாயிற்று.

இனி, அறை எடுக்கப் போகிறவர்களுக்கு. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி: "எத்தனை மணிக்கு எனக்கு டைம் முடியுது?" பதிலை ரசீதின் மேல் எழுதி வாங்குங்கள். நீட்டித்தால் அதே ரசீதில் புதிய நேரத்தை எழுதிச் சுருக்கொப்பம் வாங்குங்கள். ராத்திரி 3 மணிக்கு வாக்குவாதம் செய்வதைவிடக் கதவிடுக்கில் ரசீதைக் காட்டுவது சுலபம். அறையைப் பார்க்கும்போது லிப்ட், மாடிப்படி, துணி அடுக்கும் அறை ஆகியவற்றுக்குப் பக்கத்து அறையையும், தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடியையும் தவிருங்கள். நடு மாடியில், நடைவழியின் நடுவில், தெருவைப் பார்க்காத அறை நல்லது. காற்று கொஞ்சம் குறைவாக இருக்கும்.

உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பது அதைவிட முக்கியம். பல அறைகளில் மேல் சட்டத்தில் கம்பி இறங்கும் துளை பெயின்டும் தூசியும் அடைத்துக் கிடக்கும். கம்பி அரை அங்குலம் கூட உள்ளே போகாது. வெளியிலிருந்து ஓர் அழுத்து அழுத்தினால் விலகிவிடும். சாவி முனையால் சுரண்டினால் பெரும்பாலும் துளை திறந்துவிடும். திறக்காவிட்டால் வேறு அறை கேளுங்கள். மேசை நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். தீ விபத்து என்று வந்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். இன்டர்காமில் எழுப்பச் சொல்லாமல் கைப்பேசி அலாரத்தை நம்புங்கள். சாவியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வெளியே போனால், திரும்பியதும் அதே சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பையன் திறந்துவிட்டாலும்.

தொல்லை வந்தபின் என்ன செய்வது? இரவு 10 முதல் காலை 6 வரை வணிகப் பகுதியில் 55 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருப்பதை எடுத்துச் சொல்பவர்கள் உண்டு. அந்த வரம்பு பகுதியின் சுற்றுப்புறச் சத்தத்துக்கானது. லாட்ஜ் நடைவழி வாளிக்கு அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழக்கு நிற்காது. கைப்பேசி டெசிபல் செயலியின் அளவும் ஆதாரமாக நிற்பது கடினம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 'சேவைக் குறைபாடு' என்பதே பொருத்தமான வழி. எத்தனை மணிக்கு, எதற்காகத் தட்டினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை அப்போதே கைப்பேசியில் குறித்து, நடைவழியை ஒரு படமோ காணொளியோ எடுத்துவைத்து, காலையில் மேனேஜரிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பல இடங்களில் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் வாடகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விடுதி ராமேஸ்வரத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இதற்கெல்லாம் கையில் ஒழுங்கான பில் வேண்டும். அறை எண்ணும் தேதியும் மட்டும் கிறுக்கிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

விடுதி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பதிவேடு அச்சடிக்கக் கொடுக்கும்போது 'வந்த நேரம்' என்ற கட்டத்துக்கும் 'போன நேரம்' என்ற கட்டத்துக்கும் நடுவில் இரண்டு கட்டங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று 'நீட்டிப்பு – எந்த நேரம் வரை', இன்னொன்று 'எழுப்ப வேண்டிய நேரம்'. அச்சகத்தில் பேசிப் பார்த்தால் தெரியும், முகவரிக் கட்டத்தை ஓர் அங்குலம் குறைத்தால் இடம் கிடைத்துவிடுகிறது.

இப்படிக்கு,
லாட்ஜ் கவுண்டர் அறிந்த ஒரு வாசகர்,
திருச்சி.